பதிமூன்றாம் மாதத்து ஐந்து நாட்கள்

— கையெழுத்துப் போடறியா, இல்ல செக்யூரிட்டியைக் கூப்பிடவா?

— போடறேன் காஷே. ஒரு தடவை படிச்சுட்டுப் போடறேன்.

— காஷே கீஷேன்னு இங்க கூப்பிடாதே. உங்க வீட்டு அண்ணன் இல்ல நான். இந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். சார்னு கூப்பிடு.

— சரி, சார்.

— மொத்தமே மூணு வரி. அதைப் படிக்க உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?

— 'திர்சித் ஆகிய நான், என் கவனக்குறைவால், சென்ற பாகுமே மாதத்தின் ஐந்து நாள் பிரசவப் பதிவுகளை அழித்துவிட்டேன். இதற்கு நானே முழுப் பொறுப்பு.' மூணாவது வரி, நானா வேலையை விட்டுப் போறேன்னு.

— பாரு, நல்லாத்தான் படிக்கறே. போடு.

— அதுக்கு முன்னாடி அந்த சர்வரை நிறுத்தணும் சார். காலைலேந்து நாலு தடவை சொல்லிட்டேன். என் கையெழுத்து எங்கயும் ஓடிடாது. அதை முதல்ல நிறுத்துங்க.

— எதுக்கு? ஆதாரத்தை அழிக்கறதுக்கா? அந்த ரூம் சாவி என் பாக்கெட்டுல இருக்கு, அங்கதான் இருக்கும். புரியுதா இல்லையா? உன் நிழல்கூட அந்தப் பக்கம் விழக் கூடாது.

— நிறுத்தினா ஆதாரம் அழியாது சார். நிறுத்தலைன்னாத்தான்…

— எனக்கே பாடம் எடுக்கறியா? நான் அடிஸ் அபாபாவுல அஞ்சு வருஷம் படிச்சுப் பட்டம் வாங்கினவன். நீ சாயங்கால வகுப்பு. பகல்ல பேப்பர் அடுக்கறது, ராத்திரி ஏழு பேரா உக்காந்து கருப்புத் திரையைப் பாத்துக் கொட்டாவி விடறது. இதுல எனக்கு நீ யோசனை சொல்றே.

— எட்டுப் பேர் சார்.

— என்னது?

— வகுப்புல எட்டுப் பேர். பரவாயில்ல, விடுங்க.

— இதோ பாரு. ஸ்கிரிப்ட் ஓடினது உன் லாகின்ல. முப்பது நாள் கேமரா படத்தையும் எடுத்து வெச்சிருக்கேன். நீ அந்த ரூமுக்குள்ள எப்போ போனே, எத்தனை நிமிஷம் நின்னே, மூக்கை எப்போ சொறிஞ்சே, எல்லாம் இருக்கு. டைரக்டர் கேட்டா ஒரு நிமிஷத்துல போட்டுக் காட்டிடுவேன்.

— என் லாகின்லதான் ஓடணும்னு நீங்கதான் சொன்னீங்க.

— நான் சொன்னது ஓடறதுக்கு. அழிக்கறதுக்கு இல்ல.

— அந்த ஸ்கிரிப்ட்டோட வேலையே அதுதானே சார். போன வருஷத்துப் பதிவை எல்லாம் மாசம் மாசமா காப்பு டிஸ்க்குக்கு அனுப்பணும். எல்லாம் போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்கணும். சேர்ந்துட்டா சர்வர்ல அந்த வருஷத்தையே அழிச்சு இடத்தைக் காலி பண்ணணும். புது வருஷம் பொறந்ததும் அது தானா ஓடிச்சு. பன்னண்டு மாசம் போய்ச் சேர்ந்திருக்கு. பாகுமே மட்டும் போகலை. போகாமலே அழிஞ்சிருக்கு.

— அதைத்தான் நானும் சொல்றேன். நீ எழுதின லட்சணம்.

— இருக்கலாம்.

— இருக்கலாமா?

— தப்பு என் மேலயும் இருக்கலாம் சார். நேத்துலேந்து சாப்பிடலை நான். ஷிரோக் குழம்பைத் தட்டுல ஊத்தி வெச்சுட்டு அம்மா ரெண்டு தடவை சூடு பண்ணாங்க. என் வகுப்பு நோட்டை முதல் பக்கத்துலேந்து பாத்துட்டேன். அறுபத்தி மூணாம் பக்கத்துல அந்த ஸ்கிரிப்ட் இருக்கு, வரிக்கு வரி. அதுல ஒண்ணுலேந்து பதிமூணு வரைன்னு எழுதியிருக்கேன். ஆனா நோட்டுல ஒண்ணு எழுதி, அங்க ஒண்ணு அடிச்சிருந்தா? நான் அப்படி அடிக்கக் கூடியவதான். போன மாசம் வீட்டு வாசல்ல நின்னுட்டு ஆபீஸ் சாவியைப் போட்டுத் திறந்தேன்.

— பாத்தியா? உன் வாயாலயே வருது.

— அதனாலதான் கேக்கறேன், ஸ்கிரிப்ட்டை ஒரு தடவை காட்டுங்க. படிச்சா அந்த மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. எழுதினாத்தான் ஆகும். உங்க கம்ப்யூட்டர்லேந்தே பாக்கலாம்.

— ஆசையா இருக்கா? பாரு. நல்லாப் பாரு. இதோ, ஒண்ணுலேந்து பன்னண்டு. பன்னண்டு! கண்ணு தெரியுதா இல்லையா?

— பன்னண்டு.

— எங்க போச்சு உன் பதிமூணு?

— சார், முப்பது முப்பது நாளா பன்னண்டு மாசம், மிச்சம் விழற அஞ்சு நாள் பாகுமே. நம்ம வருஷத்துக்குப் பதிமூணு மாசம்னு பால் குடிக்கற குழந்தைக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரன் எழுதினா பன்னண்டுன்னு எழுதுவான். நான் எப்படி எழுதுவேன்?

— அதை நீதான் சொல்லணும். அந்த சாயங்கால வகுப்புல வெளிநாட்டுப் புத்தகத்தைப் பாத்து அப்படியே காப்பி அடிச்சிருப்பே.

— ஒருவேளை… தூக்கக் கலக்கத்துல…

— அஸ்மாமாவ்! எங்கய்யா இருக்கே?

— கதவைத் தட்டிட்டு வரணும் சிஸ்டர். இது பிரிவுத் தலைவர் ரூம்.

— தட்டறதா? மூணு மாடி ஏறி வந்திருக்கேன், உன் கதவை ஒடைக்காம விட்டதே பெரிசு. பிரசவ வார்டு ஜன்னல்ல எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமா? பொறந்த பத்திரம் குடு, பொறந்த பத்திரம் குடுன்னு. பாகுமேல பொறந்த குழந்தை முப்பத்தெட்டு. ஒண்ணுக்கும் ஒரு வரி இல்ல. கம்ப்யூட்டர்ல தேடினா வெள்ளையாக் காட்டுது.

— விசாரணை நடக்குது சிஸ்டர். இந்தப் பொண்ணுதான் பண்ணியிருக்கா. ஒத்துக்கிட்டா. கையெழுத்துப் போடப் போறா.

— இவ கையெழுத்தை வெச்சு நான் என்ன பண்ண? குழந்தைக்குப் போர்த்தி விடவா? தாளே வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர், தாள்ல எழுதறவங்க காட்டுவாசின்னு மேடையேறிப் பேசினது யாரு? நீ! மரியாம் மேல ஆணையா சொல்றேன், அன்னிக்கே உன் மைக்கைப் பிடுங்கியிருக்கணும்.

— அது டைரக்டர் எடுத்த முடிவு.

— சரி, கேளு. முப்பத்தேழு குழந்தையை விடு. அதுங்க அழுதுக்கிட்டு, பால் குடிச்சுக்கிட்டு இருக்கு, அதுங்களே அதுங்களுக்குச் சாட்சி. இன்னிக்கு இல்லைன்னாலும் நாளைக்கு ஏதோ ஒரு தாளைக் குடுத்துடலாம். ஆனா அந்த ஒண்ணு இருக்கே. அல்காநேஷோட குழந்தை.

— எந்த அல்காநேஷ் சிஸ்டர்?

— தேபார்க் ஊருக்கும் மேல, மலையிலேந்து வந்தவடி. பாகுமே மூணு, ருஃபாயேல் திருநாள், அன்னிக்குப் பெய்யற மழை தீர்த்தம். மழை கொட்டுது. வார்டுல பாதிப் பொம்பளைங்க ஜன்னல் வழியா கையை நீட்டி அந்த மழையைப் பிடிச்சு வயித்துல தடவிக்கறாங்க. அந்த மழையிலதான் அது பொறந்துச்சு. பொண்ணு. ஒண்ணேகால் கிலோ. மறுநாள் மத்தியானம் என் கையிலயே போயிடுச்சு.

— ஐயோ.

— எண்பது நாள் ஆனாத்தானே பொண்ணுக்கு ஞானஸ்நானம், பேரு? அதுக்கு ரெண்டு நாள்கூடக் கிடைக்கலை. பேர் இல்ல. யாரும் பாக்க வரலை. பொறந்ததும் அந்தக் கண்ணாடி மெஷின் மேல காலை வெச்சுப் படம் எடுத்தோம்ல, எல்லாக் குழந்தைக்கும் எடுக்கறோமே, அது ஒண்ணுதான் இருக்கு. 'சிஸ்டர், அந்தக் கால் படத்தை ஒரு தாள்ல போட்டுக் குடுங்க, நான் ஊருக்குப் போறேன்'னு நிக்கறா. மத்தியானம் பஸ். போனா இந்தப் பக்கம் திரும்பியே பாக்க மாட்டா. அவளுக்கு நான் என்ன சொல்ல? விசாரணை நடக்குதுன்னு சொல்லவா?

— வருத்தமான விஷயம்தான் சிஸ்டர். ஆனா போனது போனதுதான். அழிச்சது அழிச்சதுதான்.

— இல்ல சார்.

— நீ வாயை மூடு.

— அழிச்சது அழிஞ்சது இல்ல. இதைத்தான் காலைலேந்து சொல்லிட்டு இருக்கேன், நீங்க காதுலயே வாங்கலை. சிஸ்டர், உங்க வார்டுல கட்டிலுக்குத் தலைமாட்டுல பேர் எழுதின அட்டை தொங்கும் இல்ல?

— ஆமா, தொங்கும்.

— அழிக்கறதுன்னா அந்த அட்டையை மட்டும் கழட்டிடறது. கட்டில்ல ஆள் அப்படியே படுத்திருக்கு. ஆனா அட்டை இல்லாததால மெஷின் அது காலிக் கட்டில்னு நினைச்சுக்கும். அடுத்து யாராவது வந்தா அந்தக் கட்டில்லயே படுக்க வெச்சுடும். அப்பத்தான் பழைய ஆள் நிஜமாவே போகும். அதுவரைக்கும் தேடி எடுக்கலாம்.

— அப்போ அந்தக் கால் படம் இருக்கா? நேராச் சொல்லுடி.

— சத்தியம் பண்ண மாட்டேன் சிஸ்டர். வகுப்புல ஒரு தடவை செஞ்சு பாத்தோம். பதினோரு படத்தை அழிச்சுட்டுத் தேடினோம், ஒன்பது கிடைச்சுது. எனக்கு ஒன்பது, பக்கத்துல இருந்த பையனுக்குப் பத்து. எண்பத்தி ரெண்டாம் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். புதுசா யாரும் வந்து படுக்காம இருந்தா கிடைக்கும். அதனாலதான் நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தறேன்.

— அஸ்மாமாவ், நீ ஏன்யா நிறுத்தலை?

— நான்தான் பூட்டி வெச்சிருக்கேனே சிஸ்டர்! நேத்துலேந்து ஈகூட உள்ள போகலை. இதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும்?

— யாரும் போகலைன்னா நல்லது சார். சாவி குடுங்க.

— கையெழுத்து.

— அட, நீ மனுஷனாய்யா? அங்க ஒருத்தி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நிக்கறா, இங்க நீ கையெழுத்து கையெழுத்துன்னு…

— சிஸ்டர், டைரக்டருக்கு நான் பதில் சொல்லணும். யார் பண்ணதுன்னு எழுத்துல வேணும். புரியுதா இல்லையா?

— புரியுது சார். யார் பண்ணதுன்னுதானே வேணும்? அதே திரையில ஒரு கமாண்ட் அடிங்க. எல், எஸ். இடம் விட்டு, ஒரு சின்னக் கோடு, எல்.

— எதுக்கு?

— அடிங்க சார்.

— கோடு எங்க இருக்கு இதுல…

— சைபருக்குப் பக்கத்துல.

— அஞ்சு வருஷம் அடிஸ்ல படிச்சவருக்குக் கோடு எங்க இருக்குன்னு தெரியலை பாரு. இத்தனை நாளும் எலியைப் பிடிச்சு நகத்திக்கிட்டே சம்பளம் வாங்கியிருக்காரு.

— சிஸ்டர், நீங்க சும்மா இருங்க.

— இப்போ ஸ்கிரிப்ட் பேருக்கு நேரா ஒரு தேதி வந்திருக்கு. அது, கடைசியா யாரோ அதைத் திருத்தின தேதி. என்ன சார் போட்டிருக்கு?

— ஜனவரி இருபத்தாறு.

— நம்ம கணக்குல திர் மாசம் பதினெட்டு. இருங்க, நோட்டுல பாக்கறேன். நான் எழுதி முடிச்சது அதுக்கு முந்தின மாசம், தாஹ்சாஸ் இருபது. அதுக்கப்புறம் தொடலை. திர் பதினெட்டு… திம்கத் பண்டிகை முடிஞ்ச வாரம். திர் பதினஞ்சுலேந்து இருபது வரைக்கும் நான் ஊர்லயே இல்ல. என் அண்ணன் கல்யாணம். லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டது நீங்க.

— மெஷின் தேதி தப்பாக்கூட இருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். எப்பவும் மெஷின் சரி, நான் தப்புன்னுதான் நினைப்பேன். இல்ல, நீங்க சரி, நான் தப்பு. ஆனா சார், ஸ்கிரிப்ட்டோட முதல் வரியைப் பாருங்க. நான் 'எழுதியது திர்சித்'னு போட்டிருந்தேன். இப்போ என்ன இருக்கு?

— படிய்யா. இவளுக்கு மூணு வரி எழுதி மேஜையில வெச்சிருக்கே. இது ஒரு வரிதான்.

— 'எழுதியது அஸ்மாமாவ்.'

— அன்னிக்குத்தானே டைரக்டருக்குப் போட்டுக் காட்டினீங்க? உங்களுக்குக் கைதட்டு, மாலை எல்லாம். நான் கல்யாண வீட்டுலேந்து வந்தப்போ நோட்டீஸ் போர்டுல படம்கூட இருந்துச்சு. நான் ஒரு வார்த்தை கேக்கலை சார். பேர்தானே, போகட்டும்னு விட்டேன். ஆனா பதிமூணை எதுக்குத் தொட்டீங்க?

— நீ இல்ல அங்க. உனக்கு என்ன தெரியும்? டைரக்டர், ரெண்டு பெரிய டாக்டர், எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால நிக்கறாங்க. முந்தின வருஷத்துப் பதிவைப் போட்டு ஓட்டினேன். பன்னண்டு மாசம் அழகாப் போச்சு. பதிமூணுல நின்னுடுச்சு. 'பாகுமே இல்லை, அழிக்க மாட்டேன்'னு ஒரு வரி. அவ்வளவு பேருக்கு முன்னால!

— ஏன்னா அந்த வருஷம் பாகுமேல ஜெனரேட்டர் ரிப்பேர். அஞ்சு நாளும் நாங்க தாள்ல எழுதினோம். கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கும்?

— அது எனக்கு அப்போ தோணலை சிஸ்டர். எல்லாரும் பாக்கறாங்க. டைரக்டர் சிரிக்கறார். 'என்ன அஸ்மாமாவ், உன் மெஷின் உன் பேச்சைக் கேக்காதா?'ன்னார். பதிமூணை எடுத்துட்டுப் பன்னண்டுன்னு போட்டேன். ஓடிச்சு. கைதட்டினாங்க.

— அப்புறம் திரும்பப் பதிமூணாக்கலை.

— மறந்துட்டேன்.

— மறந்துட்டீங்க. சார், அது நின்னது தப்பு இல்ல. நிக்கணும்னுதான் எழுதினேன். ஒரு மாசம் குறைஞ்சாலும் அழிக்காதே, நில்லுன்னு. அந்த ஒரு வரிக்காக நாலு சாயங்காலம் உக்காந்தேன். அழிக்கற கமாண்ட் கேள்வி கேக்காது, அதனால கேள்வியை நீதான் கேக்கணும்னு நோட்டுல மொத பக்கத்துலயே சிவப்பு மையில எழுதி வெச்சிருக்கேன். இப்பவும் அதை அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு ஒரு தடவை மூச்சு விடுவேன். வகுப்புல சிரிப்பாங்க. உங்களுக்கு நாலு பேர் சிரிச்சது பொறுக்கலை, அதுக்காக அது வாயைக் கட்டிட்டீங்க. ரெண்டு நாளா நான் என்னையே பிச்சுப் பிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். எங்கடி தப்புப் பண்ணே, எங்கடி தப்புப் பண்ணேன்னு. நீங்க தெரிஞ்சுக்கிட்டே எதிர்ல உக்காந்து மக்கியாட்டோ காபி குடிச்சீங்க!

— கத்தாதே, வெளிய கேக்கும். திர்சித், இங்க பாரு. காஷேன்னு கூப்பிடுவியே, அந்த உரிமையில கேக்கறேன். நீ சின்னப் பொண்ணு. வேற இடத்துல சேர்ந்துடுவே. நான் இந்த வயசுல எங்க போவேன்? அந்த மூணு வரியை…

— இப்போ காஷே ஆயிட்டீங்களா? வேண்டாம். சார்னே இருங்க.

— நல்லாக் கேட்டே, என் ராசாத்தி.

— இந்தத் தாளோட பின்பக்கத்துல நடந்ததை நான் எழுதறேன். தேதியோட, வரிசையா. கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க, சிஸ்டர் சாட்சி. அதெல்லாம் அப்புறம். முதல்ல சாவி. அந்தப் பஸ் கிளம்பறதுக்குள்ள நான் தேடியாகணும்.

— சாவியை எடுய்யா! பாக்கெட்டுல கையை விட்டுத் துழாவிக்கிட்டே நிக்கறான் பாரு. திர்சித், நான் கீழ போன் போடட்டுமா? அவகிட்ட என்ன சொல்லட்டும்?

— கிடைக்கும்னு… இல்ல, கிடைக்கலாம்னு சொல்லுங்க.

— 'லாம்' எல்லாம் அவகிட்ட சொல்ல முடியாது. ஹலோ, யாரு, ட்ஸெஹாயா? அந்த ஜன்னலோரம் நிக்கறாளே, மஞ்சள் பூங்கொத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஆமா, அல்காநேஷ். அவளை உக்கார வை. புது வருஷ ரொட்டி மிச்சம் இருந்தா ஒரு துண்டு குடு. குழந்தை கால் படம் இருக்காம், எடுத்துக்கிட்டு வராங்கன்னு சொல்லு. ஆமாடி, இருக்காம். என்ன பண்றா? அழறாளா? சரி, அழட்டும். விடு.

— சாவி இந்தா.

— சார், கடைசியா ஒண்ணு. அந்த ரூமுக்கு நேத்துலேந்து நிஜமாவே யாரும் போகலை இல்ல?

— யாரும் போகலை. நான் மட்டும்தான் போனேன்.

— நீங்க எதுக்குப் போனீங்க?

— அதான் சொன்னேனே, கேமரா படம். உன்னைப் பிடிக்கறதுக்கு. முப்பது நாளுக்கானதையும் எடுத்து வெச்சேன்.

— எதுல எடுத்து வெச்சீங்க? பென் டிரைவ்லதானே?

— முப்பது நாள் படம் பென் டிரைவ்ல நிக்குமா? நேத்து சாயங்காலம் போட்டுவிட்டேன், இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

— எதுல, சார்?

— ஒரு மெஷின்லதான்.

— எதுல ஓடிக்கிட்டிருக்கு?

— அந்த சர்வர்லதான், திர்சித். இந்த ஆஸ்பத்திரியிலயே அது ஒண்ணுலதான் அவ்வளவு இடம் காலியா இருந்துச்சு.